எஸ்தர் அக்கா கட்டிய கட்டு

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பீர்மேடு ஸ்டாண்டில் ஜீப்புக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். நல்ல மழை. அவருடைய தம்பி மகன்தான் போன் செய்தான். "மாமா, அத்த காலைல எந்திரிக்கல. போயிட்டாங்க" என்றான். சரி என்று சொல்லிப் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். இரண்டு வளைவு தாண்டிய பிறகு பின்னால் இருந்த ஒரு அம்மா, "டிரைவரே, இது நம்ம எஸ்டேட்டுக்குப் போற வழி இல்லையே" என்றார். ஓய்வுக்குப் பிறகு அக்கா குடிபோன வீட்டுப் பாதையில் நான் போய்க்கொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் யாரும் இறங்கவில்லை. ஏழு பேரும் அப்படியே என்கூட வந்தார்கள். அதில் நாலு பேருக்காவது அக்கா ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் காயத்துக்குக் கட்டுப் போட்டிருப்பார்.

போதகர் வந்து சேரும்வரை வாசலில் படங்கு கட்டி அதன் கீழ் உட்கார்ந்திருந்தோம். சாவு வீட்டில் நடப்பதுதான், ஆளுக்கொரு கதையாக அக்காவைப் பற்றிப் பேசினார்கள். அப்போது ஒருவர் அந்த நாய்க் கதையை எடுத்தார். "மனுசனுக்கெல்லாம் நல்லாத்தான் பாத்துச்சு அந்தக்கா. நாய்க்குப் பாக்கப் போயித்தான் அதச் சாவடிக்கப் பாத்துச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாசத்தில்தான். ஆனால் அந்த நாய் என் வீட்டு நாய். அந்தக் கதை உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். அக்காவை உள்ளே கிடத்தியிருக்கும்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்திருக்கும் உங்கள் முன்னால் வாசிக்க நாலு வார்த்தை எழுதித் தரும்படி போதகர் கேட்டார். ஜீப் ஓட்டுகிறவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று நழுவப் பார்த்தேன். "சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதுன கைதானே, எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். அக்காவைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அப்படி எழுதினால் அவர் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கதை அப்படியே இருக்கும். அதனால் அந்தக் கதையையே எழுதுகிறேன்.

அக்காவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் காயத்துக்கு மருந்து போட்டுக் கட்டுகிற வேலை அவருக்கு. டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். அக்கா மட்டும் இருபத்தெட்டு வருஷம் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்துக் காலத்தில் ஒருநாள் கங்காணி ஒருவர் கத்தி பட்டு உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். என் வண்டியில்தான் கொண்டுபோனேன். தோட்டத்தில் அவர் குரலுக்கு நூறு பேர் நடுங்குவார்கள். டிஸ்பென்சரியில் தன் ரத்தத்தைப் பார்த்ததும் கண் சொருகிவிட்டது. "ரத்தத்தப் பாக்காதீரும் கங்காணி, என் மூஞ்சியப் பாரும்" என்றார் அக்கா. "ஒம்ம மூஞ்சியப் பாத்தா இன்னும் பயமா இருக்கு" என்று முனகினார் கங்காணி. "அப்பச் சரி, பொழச்சிக்கிட்டீரு" என்று சொல்லிவிட்டு அக்கா தையல் போட நர்ஸைக் கூப்பிட்டார்.

என் வீட்டு நாயின் பெயர் டஸ்ட். தேயிலைத் தூள் நிறத்தில் இருந்ததால் என் மகள் ஜெபா வைத்த பெயர். ஜெபா நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போனபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். "அப்பா, நீங்க சாப்பிட மறந்தாலும் மறங்க. இவன மறக்காதீங்க." தினமும் சாயங்காலம் போனில் முதலில் நாய் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அப்பா எப்படி என்பது அதற்குப் பிறகுதான், சில நாள் அதுவும் இல்லை.

அவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. வண்டி ஓட்டமில்லாமல் வீட்டில் கிடந்தேன். டஸ்ட் எதையோ துரத்திக்கொண்டு புதிதாகக் கவாத்து செய்த தேயிலைக் காட்டுக்குள் ஓடியிருக்கிறது. கவாத்து முடிந்த செடியின் குச்சிகள் எப்படி ஈட்டி மாதிரி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று காலில் திரும்பி வந்தது. வாசல் முழுக்க ரத்தம். நான் என் புத்திக்கு எட்டியபடி ஒரு கை காப்பித்தூளை எடுத்துக் காயத்தில் அப்பினேன். பக்கத்து லயத்து வீட்டில் இருந்த அக்கா சத்தம் கேட்டு வந்தார். நாயின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓய் டிரைவரே, இது காலா, காப்பி டம்ளரா?" என்றார்.

மிருகாசுபத்திரிக்குப் போக வழியில்லை. அக்கா அங்கே டாக்டருக்குப் போன் போட்டார். "நான் மனுசருக்குப் பாக்குறவ டாக்டர். ரோடு தொறக்கிற வரைக்கும் என்ன செய்யலாம்னு நீங்க சொல்லுங்க, செய்யுதேன்" என்றார். டாக்டர் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் முதலில் நாயின் வாயைக் கட்டச் சொன்னார். இவன் கடிக்க மாட்டான் அக்கா என்றேன். "வலி வந்தா நீரே கடிப்பீரு, கட்டும்" என்றார். என் மனைவி புஷ்பத்தின் மெல்லிய துண்டை எடுத்து மூச்சு முட்டாமல் கட்டினேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை முக்கி வைத்ததும் காப்பித்தூள் எல்லாம் கரைந்து வந்தது. நான் உடனே துணியைச் சுற்றிக் கட்டிவிடலாம் என்றேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "காயத்த மூடுறதுக்கு முந்தி தொறந்து பாக்கணும்" என்று விரல்களை ஒவ்வொன்றாக விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவில் பல்குச்சி நீளத்துக்கு ஒரு மரச் சிம்பு உள்ளே இருந்தது. அதைக் குறடால் பிடித்து இழுத்தபோது டஸ்ட் போட்ட சத்தத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சிம்பு வந்ததும் ரத்தம் மறுபடி வந்தது. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். "நடுவுல எட்டி எட்டிப் பாக்கப்படாது" என்றார். நான் மூன்றாவது நிமிஷத்தில் பார்த்தேன். "மறுபடியும் ஒண்ணுலேர்ந்து பத்து" என்று அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு டிஸ்பென்சரியில் போடுகிற பழுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்தார். "பாலில்லாத கட்டஞ்சாயா கலருக்கு வந்தாப் போதும், கடுப்பம் கூடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று கழுவிவிட்டார். விரல்களுக்கு நடுவில் பஞ்சு, அதன்மேல் துணி, அதன்மேல் சுருள் கட்டு. நடுவில் இருக்கும் இரண்டு நகத்தை மட்டும் வெளியே தெரியும்படி விட்டார். வீங்கினாலோ குளிர்ந்து போனாலோ அந்த நகத்தில்தான் தெரியும், தெரிந்தால் கட்டைத் தளர்த்த வேண்டும் என்றார். வலி மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். மனுஷ மாத்திரை ஒன்றும் கொடுத்துவிடாதீரும் என்று விரலை ஆட்டி மிரட்டினார்.

கடைசியாக ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றி, நாயின் கழுத்தில் மாட்டிவிட்டார். கட்டைக் கடிக்காமல் இருக்க. திருவிழா ஸ்பீக்கர் மாதிரி இருந்தது டஸ்ட். வெளியே ஒன்றுக்குப் போகும்போது காலில் பால் கவர் மாட்ட வேண்டும், உள்ளே வந்ததும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் கால் வெந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும்போது கட்டின்மேல் ஒரு பருத்தி சாக்ஸ். "நல்லாத் துவைச்சதா ஒண்ணு மாட்டி விடும். நாளைக்கு வந்து கட்டு மாத்துதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவும் தெளிவாகச் சொன்னார். ஒரு வார்த்தை நான் கேட்காமல் விடவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். நம் பெண்கள் மழையில் கொழுந்து எடுக்கப் போகும்போது காலில் அட்டை ஏறாமல் இருக்கப் போடுகிற சாக்ஸை உங்களுக்குத் தெரியும். உப்புத் தேய்க்கிறவர்கள் உண்டு, சோப்புத் தேய்க்கிறவர்கள் உண்டு. என் வீட்டில் புஷ்பம் புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்து அதில் சாக்ஸை முக்கி எடுத்து, அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போடுவாள். கலியாணமான நாள் முதல் என் கண் முன்னால்தான் செய்கிறாள். மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போன பிறகு, நான் டஸ்ட்டுக்கு சாக்ஸ் தேடினேன். கொடியில் ஒரு ஜோடி கிடந்தது. காய்ந்திருந்தது. காய்ந்திருந்தால் துவைத்ததுதானே என்று ஒன்றை எடுத்து மாட்டிவிட்டேன். பீரோவைத் திறந்து நல்லதாக ஒன்று எடுக்கச் சோம்பல், வேறு ஒன்றுமில்லை.

அதோடு நின்றிருந்தாலும் தப்பித்திருக்கலாம். டஸ்ட் அந்த வாளியோடு கதவில் இடித்தது, கட்டிலில் இடித்தது, பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்து பார்த்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. ஒரு அரை மணி நேரம் என்று வாளியைக் கழற்றினேன். நாற்காலியில் சாய்ந்தவன் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது நாயின் வாயில் பாதி சாக்ஸ். எச்சில் நூலாக ஒழுகியது. இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தது. நாலு காலும் உதறிக்கொண்டிருந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியபோதுதான் எனக்கு என்ன செய்தேன் என்பது உறைத்தது.

அக்காவைக் கூப்பிட ஓடினேன். குடைகூட எடுக்காமல் வந்தார். வாயில் இருந்த சாக்ஸை இழுத்து எடுத்து ஒருதரம் மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. வாயைக் கழுவிவிட்டு, "வண்டிய எடும்" என்றார். அன்று காலையில்தான் ரோட்டில் ஒருபக்கம் மண்ணை அள்ளி வழி விட்டிருந்தார்கள். முன் ஸீட்டில் நாயை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க அதனிடம் பேசிக்கொண்டே வந்தார்.

ஆசுபத்திரிக்குள் நுழையும்போது ஜெபா போன் செய்தாள். பக்கத்து வீட்டு அம்மா அவளுக்குச் சொல்லிவிட்டிருக்கிறார். ஸ்பீக்கரில் அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் ஊசி போட்டு டிரிப் ஏற்றிக்கொண்டே, எதைத் தின்றது என்று கேட்டார். அக்கா கவரில் கொண்டுவந்த சாக்ஸைக் காட்டிப் புகையிலை என்றார். "இத யாருப்பா மாட்டிவிட்டது?" என்று போனில் ஜெபா கத்தினாள். டாக்டரும் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா, "நான் கட்டுன கட்டு டாக்டர். நாந்தான் பாத்திருக்கணும்" என்றார். டாக்டர் மலையாளத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினார். இத்தனை வருஷம் ஆசுபத்திரியில் வேலை பார்த்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டார். நனைந்த சேலையோடு நின்றுகொண்டு அக்கா எல்லாவற்றுக்கும் "ஆமா டாக்டர்" என்றார். நான் நாயின் காலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் டஸ்ட் தலையைத் தூக்கியது. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வரும் வழியில், "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தேன். "ரோட்டப் பாத்து ஓட்டும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு அவரே சொன்னார். "ஒம்ம மகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. அப்பா மேல கோவத்தோட போயி உக்கார வேண்டாம். பரீட்சை முடியட்டும். அப்பறம் நீரே சொல்லிரும்."

பரீட்சை முடிந்தது. நான் சொல்லவில்லை. ரிசல்ட் வந்தது. சொல்லவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டது ஒரு மாதமானது, பிறகு அதைச் சொல்வதற்கு என்று ஒரு நாள் வரவே இல்லை. அக்கா கட்டின கட்டில்தான் நாய் சாகக் கிடந்தது என்ற கதையோ அந்த வாரமே லயம் லயமாகப் போய்விட்டது. முன்பெல்லாம் ஆட்டுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்றால் அக்கா வாசலுக்குத்தான் போவார்கள். அது நின்றது. ஒரு அம்மா தன் பிள்ளையின் கை சுட்டுக்கொண்டபோது, அக்கா கை வேண்டாம், நர்ஸே கட்டட்டும் என்று டிஸ்பென்சரியில் வைத்தே சொன்னார். அக்கா ஸ்டூலை விட்டு எழுந்து நர்ஸுக்கு இடம் கொடுத்தாராம். அன்று சாயங்காலமும் வழக்கம்போல் என் வீட்டுக்கு வந்து டஸ்ட்டுக்குக் கட்டு மாற்றினார். அவராகச் சொல்லவில்லை, வேறு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு நாள் வந்தார். ஒவ்வொரு நாளும் பழைய கட்டை அவிழ்த்து மோந்து பார்ப்பார், சீழ் வைத்திருக்கிறதா என்று. நகத்தைத் தொட்டுப் பார்ப்பார். சாக்ஸை மட்டும் அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்தார். அதைக் குத்திக் காட்டிக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நாள் கட்டை அவிழ்த்தபோது காயம் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. டஸ்ட் அவர் முகம் முழுக்க நக்கியது. "போதும்டா, பவுடர் போட்டுட்டு வந்திருக்கேன்" என்று தள்ளிவிட்டுச் சிரித்தார்.

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று டிஸ்பென்சரி வாசலில் சின்னக் கூட்டம் வைத்தோம். மாலை போட்டோம். பேசியவர்களில் ஒருவர் நாய்க் கதையைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த ஈனமான காரியம் எது என்று யாராவது கேட்டால், சாக்ஸ் மாட்டியதைச் சொல்ல மாட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன். அக்கா மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். கூட்டம் முடிந்ததும் கேக்கை எடுத்துவந்து, "ஒமக்கு ரெண்டு துண்டு" என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதையும் தின்றேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று புஷ்பம் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, இன்னும் யாருக்காகச் சொல்லாம இருக்கீங்க?" என்றாள். எதை என்று கேட்டேன். "என் சாக்ஸு எனக்குத் தெரியாதா? வேலவுட்டு வந்து பாத்தா கொடியில ஒத்தச் சாக்ஸுதான் தொங்குச்சு" என்றாள். அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அக்காவைப் பழி சுமக்க விட்டதைப் பார்த்து மனசு பொறுக்காமல், என்னிடம் சொல்லாமல் அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். நானே ஊருக்குச் சொல்லிவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள். அக்கா வேண்டாம் என்றாராம். "அவராச் சொல்லட்டும் புஷ்பம். அந்தாளு வண்டி என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு? ஆனா வராம இருந்ததில்லல்லா" என்றாராம்.

போன வாரம் ஜெபாவிடம் சொன்னேன். முழுவதையும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பிறகு, "அத்தை இருக்கும்போது சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். அவள் இன்று லீவு போட்டுவிட்டு வந்து உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். போதகர் இதைத் தானே வாசிப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்று நான்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

அக்காவுடையது என்று என்னிடம் பொருள் எதுவும் கிடையாது. நான் சொல்லிவிடுவேன் என்று அவர் கடைசிவரை நம்பினாரே, அதை மட்டும் வைத்திருக்கிறேன். ஆகவே, அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அந்த சாக்ஸை மாட்டியது நான். வாளியைக் கழற்றியதும் நான். எஸ்தர் அக்கா கட்டிய கட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை.